பத்து பதினேழுக்குப் புறப்பட்ட தோணிகள்

மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஜெயராணியைத் துறைமுகம் என்றுதான் தெரியும். அவள் ஆணா பெண்ணா, வயது என்ன, எந்தத் தெரு என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. துறைமுகம் என்ற பெயரில் ஒரு பதில் வந்தால் அது விளையாட்டை நடத்துகிறவர்களின் பதில். அது போதுமாக இருந்தது.

விளையாட்டின் பெயர் தோணித்துறை. இணையத்தில் ஆடுவது. படம் இல்லை, சத்தம் இல்லை, எல்லாமே தமிழ் எழுத்து. சேருகிறவருக்குக் கடலூர்த் துறையில் ஒரு தோணி கொடுப்பார்கள். அதில் உப்போ அரிசியோ ஏற்றி, நாகப்பட்டினமா காங்கேசன்துறையா என்று தேர்ந்தெடுத்து, ‘பாய் விரி’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஆறு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் தோணி கரை சேர்ந்திருக்கும், இல்லையென்றால் புயலில் போயிருக்கும். இவ்வளவு லேசான சமாச்சாரம் என்பதால் சாதாரண பட்டன் போனில்கூடத் திறந்தது. அதனால்தான் கல்லூரிப் பிள்ளைகளோடு கண்டக்டர்களும் கடைக்காரர்களும் நெல்லிக்குப்பம் ஆலை வேலையாட்களும் அதற்குள் வந்திருந்தார்கள்.

இதை எழுதியவன் அன்பரசு. மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறையில், இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு 2008-இல் ஆரம்பித்தான். கல்லூரியில் அவனுக்கு இரண்டு வருடம் இளையவளான ஜெயராணி அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள். வேலையை இருவரும் நேர்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இயந்திரத்தோடு பேசுவது அவன், மனிதர்களோடு பேசுவது அவள். ஆடுகிறவர்கள் கேள்வி கேட்கவும் சண்டை போடவும் தளத்திலேயே ஒரு மன்றம் இருந்தது. எந்தக் கேள்விக்கும் ஒரு நாளுக்குள் பதில் என்பது அவள் தானே போட்டுக்கொண்ட விதி.

அந்த விதிக்கு ஒரு பின்கதை உண்டு. இங்கே வருவதற்கு முன் ஊருக்குத் தெற்கே ஒரு தொழிற்சாலையில் அவள் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தாள். காற்றில் ஏதாவது வாடை வந்தால் சுற்றுப்பட்டு ஜனங்கள் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவளுக்கு முன்னால் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. ‘வழக்கமான பராமரிப்பு நடக்கிறது, கவலைப்பட வேண்டாம்’ என்று அதைப் பார்த்து வாசிக்க வேண்டும். அது உண்மையா பொய்யா என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாததை மூன்று வருடம் வாசித்தாள். தோணித்துறைக்கு வந்த முதல் நாளே அன்பரசுவிடம், அட்டை வாசிக்கிற வேலை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். துறைமுகம் சொன்னால் அது நிஜம் என்று மன்றத்தில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு ஒன்றுதான் அவள் சம்பாதித்தது.

2010 அக்டோபரில் கிள்ளைக்காரன் என்ற பெயரில் ஆடும் ஒருவர் மன்றத்தில் ஒரு பட்டியலைப் போட்டார். தலைப்பு, ‘தோணிக்கு நல்ல நேரம்’. உள்ளே இப்படி இருந்தது: நாகப்பட்டினம் போக காலை 10.17 நல்லது, 10.18 ஆகாது, 10.31 நல்லது, மாலை 4.52 நல்லது, 4.55 கண்டிப்பாக ஆகாது. நாற்பது வரி. தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளில் போட்டிருக்குமே, அதே தோரணை.

ஜெயராணிக்குச் சிரிப்புதான் வந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கிளம்பலாமா என்று பஞ்சாங்கம் பார்க்கிற ஊர், கம்ப்யூட்டர் தோணிக்கும் நேரம் குறிக்கிறார்கள் என்று நினைத்தாள். ஆனாலும் விதி விதிதான். புயலுக்கும் நேரத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று அன்பரசுவைக் கேட்டாள். அவன் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், எல்லாம் ராண்டம்தான் என்றான். அதை நம்பி அவள் எழுதினாள்: ‘தோணித்துறையில் ராகு காலமும் இல்லை, எமகண்டமும் இல்லை. புயல் வருவது முழுக்கத் தற்செயல். இது துறைமுகத்தின் வாக்கு.’

மன்றமே கைதட்டியது. யாரோ கிள்ளைக்காரனுக்கு ஜோசியர் என்று பேர் வைத்தார்கள். என் தோணிக்கு ஜாதகம் பார்த்துச் சொல்லுங்க ஜோசியரே, நாய்க்குட்டி வாங்க எந்த நிமிஷம் நல்லது ஜோசியரே என்று இரண்டு பக்கத்துக்குக் கேலி. அவர் கோபப்படவில்லை. இன்னும் முப்பது வரி சேர்த்து மறுபடி போட்டார். மூன்றாம் முறையும் போட்டார். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது மன்ற ஒழுங்குக்கு மாறானது என்று சொல்லி, ஜெயராணி அந்தத் தலைப்பை, படிக்கலாம் ஆனால் யாரும் மேற்கொண்டு எழுத முடியாது என்னும்படி பூட்டினாள். அவருக்கு ஏழு நாள் எழுதத் தடை விதித்தாள். எட்டாம் நாள் தடை நீங்கியது. ஆனால் கிள்ளைக்காரன் அப்புறம் மன்றத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை.

நான்கு மாதம் போயிற்று. 2011 பிப்ரவரியில் மாசிமகப் பந்தயம் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை அந்த நாளில் காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் எல்லாத் தோணிகளும் நாகப்பட்டினத்துக்குக் கிளம்ப வேண்டும். எந்த ஊர்க் குழுவின் தோணிகள் அதிகமாகக் கரை சேர்கின்றனவோ அது ஜெயித்தது. சாதாரணமாக ஐந்தில் ஒன்று போகும். நெல்லிக்குப்பம் குழு நாற்பத்து மூன்று தோணி விட்டது. நாற்பத்து மூன்றும் கரை சேர்ந்தன.

அன்று சாயங்காலம் மன்றம் கொதித்தது. அந்தக் குழுவுக்கு மட்டும் புயல் வராதா, துறைமுகம் வேண்டியவங்களுக்குப் பார்த்துச் செய்யுதா என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். ஜெயராணி பதிவேட்டைத் திறந்தாள். எந்தத் தோணி எப்போது கிளம்பியது என்பதையெல்லாம் கணினி தானாக எழுதி வைத்திருக்கும். நெல்லிக்குப்பம் தோணிகள் நாற்பத்து மூன்றும் ஒரே நிமிடத்தில் கிளம்பியிருந்தன. 10.17.

அந்த எண்ணை எங்கே பார்த்தோம் என்று அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தான் பூட்டிய தலைப்பைத் தானே போய்த் திறந்து பார்த்தாள். முதல் வரியிலேயே இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சோதனைக்கென்று இரண்டு கணக்குகளை உண்டாக்கி, மறுநாளிலிருந்து தினமும் நாகப்பட்டினத்துக்கு 10.17-க்கு ஒரு தோணியும் 10.18-க்கு ஒரு தோணியும் விட்டாள். ஐந்து நாள். முதல் தோணி ஐந்து நாளும் கரை சேர்ந்தது. இரண்டாவது ஐந்து நாளும் மூழ்கியது. ஆறாம் நாளான செவ்வாய்க்கிழமை, காகிதத்தில் எழுதி அன்பரசுவின் விசைப்பலகை மேல் வைத்தாள்.

அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பழைய கோப்பு ஒன்றைத் திறந்தான். அதில் ஒரு வரியில் விரலை வைத்து, அப்படியே நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

நடந்தது இதுதான். கணினியிடம் தாயக்கட்டை கிடையாது. தற்செயலாக ஒரு எண் சொல் என்று அதைக் கேட்டால், அது ஒரு எண்ணை எடுத்துப் பெருக்கி, வகுத்து, மீதியை எடுத்து, அதை மறுபடி பெருக்கி, இப்படி ஒரு நீண்ட வரிசையைக் கொடுக்கும். பார்ப்பவருக்குத் தலைகால் புரியாது, அதனால் தற்செயல் போலத் தோன்றும். ஆனால் தொடங்குகிற எண் எதுவோ அதைப் பொறுத்ததுதான் முழு வரிசையும். அதே எண்ணில் தொடங்கினால் அதே வரிசை, நூறு தடவை கேட்டாலும் அச்சு மாறாது. ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் அந்தத் தொடக்க எண்ணை ஒவ்வொரு தடவையும் மாற்றுவார்கள்.

அன்பரசுவும் விஷயம் தெரிந்தவன்தான். ஆனால் ஆரம்ப நாட்களில் தோணி மூழ்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். பத்தே காலுக்குக் கிளம்பினேன், நாகப்பட்டினம் போனேன், எப்படி மூழ்கும் என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகவே அவன் ஒரு சின்னக் கருவி செய்தான். கிளம்பிய நேரத்தையும் போகும் துறையையும் அதில் கொடுத்தால், அந்தப் பயணம் மறுபடி அப்படியே ஓடும், எந்த இடத்தில் காற்று பிடித்தது என்று காட்டலாம். மறுபடி அப்படியே ஓட வேண்டுமென்றால் தொடக்க எண் நேரத்திலிருந்தும் துறையிலிருந்தும்தானே வர வேண்டும்? புகார் சொன்னவர்கள் மணியைச் சொன்னார்கள், நிமிடத்தைச் சொன்னார்கள், தேதியைச் சொன்னதில்லை. எல்லாம் அன்றைய சண்டைதான். கருவியிலும் தேதிக்கு இடம் விடவில்லை. ஆக, தினமும் காலை 10.17 என்றால் அதே கடல், அதே காற்று. ஆடுகிறவர்களுக்குப் பதில் சொல்லச் செய்த கருவிதான் ஆட்டத்தையே கோணலாக்கியிருந்தது. இரண்டு வருடமாக.

“மறந்தே போயிட்டேன் ஜெயா” என்றான் அன்பரசு.

அன்று மாலைக்குள் தேதியையும் வினாடியையும் ஆளின் எண்ணையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டான். அதில் அவனுக்குக் கால் மணி நேரம்தான் ஆனது. என்ன அறிவிப்பது என்பதில்தான் இருவருக்கும் முட்டிக்கொண்டது. நடந்ததை நடந்தபடி எழுதலாம் என்றாள் அவள். அவன் வேண்டாம் என்றான். சென்னையில் ஒரு கம்பெனி தோணித்துறையைப் பெரிய சர்வரில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது, அடுத்த மாதம் வந்து பார்க்கிறார்கள். ஆனால் அவன் சொன்ன காரணம் அது இல்லை.

“பகடை மேல நம்பிக்கை போச்சுன்னா ஆட்டமே போச்சு. நாளைக்கு நியாயமா மூழ்கற தோணிக்கும் நம்மளத்தான் திட்டுவாங்க. சரி பண்ணியாச்சில்ல? இனிமே நீ சொன்னது நெசந்தானே?”

அவன் சொன்னதில் பாதி சரியாக இருந்தது. துறைமுகம் அன்று எழுதியது: ‘பயணப் பகுதியில் சில சிறு திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன.’ எழுதி முடித்ததும் அந்த வரி எங்கேயோ ஒட்டியிருந்த அட்டை போல இருந்தது அவளுக்கு.

ஆறு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, துறைமுகத்தின் தனி அஞ்சலில் ஒரு கடிதம் கிடந்தது.

‘துறைமுகம் ஐயாவுக்கு வணக்கம். போன செவ்வாய்க்குப் பிறகு என் நோட்டு தப்பாப் போவுது. என்னை நம்பி ஓட்டினவங்க தோணி பதினொண்ணு போச்சு. அதுக்கு உங்களைக் குத்தம் சொல்லலை. கேக்கறது ஒண்ணுதான். செவ்வாய்க்கு முன்ன நான் எழுதினது சரியா, இல்ல அதுவும் என் கற்பனைதானா? தெரிஞ்சா நோட்டைத் தூக்கிப் போட்டுடறேன். கிள்ளைக்காரன் என்கிற கொளஞ்சி, டைம் கீப்பர், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு.’

ஒரு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அன்பரசுவிடம் காட்டினாள். போனில் வேண்டுமானால் பேசிக்கொள், எழுத்தில் எதுவும் தராதே என்றான் அவன். கடிதத்தில் போன் நம்பர் இல்லை. செவ்வாய்க்கிழமை எட்டேகால் மணிக்கு அவள் கடலூரில் பஸ் ஏறினாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரும் வரைக்கும், சொல்லப்போகிற வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டும் கலைத்துக்கொண்டும் வந்தாள்.

டைம் கீப்பர் என்றால் தனியார் பஸ்கள் புறப்படும் நேரத்தைக் குறிக்கிறவர். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பர்மிட்டில் ஒரு நிமிடம் போட்டிருக்கும். 9.52 என்றால் 9.52. ஒரு நிமிடம் முந்திப் போனால் வழியில் நிற்கும் ஜனம் எல்லாம் முந்திய வண்டிக்கு, பின்னால் வருகிறவனுக்கு வெறும் சீட்டு. அதனால் அந்த ஒரு நிமிடத்துக்காகச் சட்டையைப் பிடிப்பார்கள். அப்போது இரண்டு பக்கமும் வந்து பார்ப்பது டைம் கீப்பரின் நோட்டைத்தான். அவர் எழுதிய நிமிடத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் அவருக்கு அங்கே வேலை.

கொளஞ்சியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நாற்பது வயது இருக்கும். கைக்கடிகாரத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார். சிமெண்ட் தூண் ஒன்றில் சாய்ந்து, நீளமான நோட்டைத் தொடைமேல் வைத்திருந்தார். அவள் பக்கத்தில் போவதற்குள், நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸின் படியிலிருந்து ஒரு கண்டக்டர் குரல் கொடுத்தான்.

“ஜோசியரே, எங்க வண்டிக்கு இன்னிக்கு கண்டம் எதனா இருக்குதா?”

“ஒன் வண்டிக்கு பிரேக்கே இல்ல மச்சான், அதுக்கு ஜாதகம் வேறயா” என்றார் கொளஞ்சி, எழுதிக்கொண்டே. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த வண்டியின் டிரைவர் சிரிக்கவில்லை. 10.03 என்று எழுதியிருக்கிறீர்கள், நான் 10.02-க்கே எடுத்தேன், நீங்கள் குறிக்கிற நிமிஷத்தின் லட்சணம்தான் தெரியுமே என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயராணி அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பேர் மன்றத்துக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது பஸ் ஏறி இங்கே வந்து, இந்த மனிதரின் வேலையில் உட்கார்ந்திருந்தது.

தான் யார் என்று சொன்னாள். அவர் எழுந்து நின்றார்.

“நீங்களா துறைமுகம்? நான் ஆம்பளைன்னு நெனச்சிகிட்டிருந்தேன். அதுவும் மீசை வச்ச ஆளு.”

டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பினவரை அவள் நிறுத்தினாள். தோணிகளைக் குறிக்கும் அவருடைய இன்னொரு நோட்டைக் காட்டச் சொன்னாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பஸ் நோட்டைப் போலவே கோடு போட்டிருந்தது. தேதி, புறப்பாடு, துறை, சேர்ந்ததா இல்லையா. ஒன்றரை வருடத்துத் தோணிகள். தன்னுடையது மட்டுமல்ல, ஸ்டாண்டில் ஆடுகிற எல்லோருடையதும். தன் வேலையை அவர் அங்கேயும் செய்திருக்கிறார், அவ்வளவுதான். மன்றத்தில் போட்ட பட்டியலில் இந்தத் தேதிகளையும் சேர்த்திருந்தால் அவள் அன்று சிரித்திருப்பாளா? முடிவை மட்டும் எழுதினார். முடிவு பஞ்சாங்கம் மாதிரி இருந்தது.

“உங்க நோட்டு சரிங்க. போன செவ்வா சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு வரியும் சரி. தப்பு எங்களோடது. அன்னிக்குத்தான் அதை மாத்தினோம்” என்றாள். தொடக்க எண்ணையும் தேதி விட்டுப்போனதையும் தன்னால் முடிந்த மட்டும் விளக்கினாள். நடுவில் ஒரு பஸ் கிளம்பியது. மணியைப் பார்த்து எழுதினார்.

“நாலு மாசம் தூக்கமில்லம்மா. நமக்குத்தான் பித்தோன்னு.” நோட்டை மூடினார். “இத யார்கிட்டல்லாம் சொல்லியிருக்கீங்க?”

“உங்ககிட்டதான்.”

“நான் தப்புன்னு எத்தினி பேர்கிட்ட சொன்னீங்க?”

அவர் குரலை உயர்த்தவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. அடுத்த வண்டிக்காரன் கூப்பிட, நோட்டோடு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஜெயராணி ஓரத்துக் கணினியில் உட்கார்ந்தாள். அன்பரசுவைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனை எடுத்தாள். கேட்டால் என்ன சொல்வான் என்பது தெரிந்ததுதான். போனை வைத்துவிட்டுத் துறைமுகமாக உள்ளே நுழைந்தாள். நான்கு மாதத்துக்கு முன் பூட்டிய தலைப்பைத் திறந்தாள். புதுத் தலைப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் எந்த இடத்தில் சொன்னாளோ அந்த இடத்திலேயே, அந்தக் கேலிகளுக்குக் கீழேயே எழுத வேண்டும் என்று தோன்றியது.

‘கிள்ளைக்காரன் எழுதிய பட்டியல் முழுவதும் சரி. தோணித்துறையில் இரண்டு வருடமாக ஒரு பிழை இருந்தது. தினமும் ஒரே நிமிடத்தில், ஒரே துறைக்குக் கிளம்பிய தோணிகளுக்கு ஒரே முடிவுதான் வந்தது. அவர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். நான் சரிபார்க்காமல் மறுத்தேன், அவரைத் தடை செய்தேன். ஒரு வாரத்துக்கு முன் பிழையைச் சரிசெய்தோம், அதையும் சொல்லாமல் மறைத்தேன். மூழ்கிய தோணிகளுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. துறைமுகத்தின் வாக்கு என்று அன்று எழுதியது தவறு.’

அனுப்பினாள். மணி 11.42.

ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு பதில் மழை பிடித்தது. அப்ப ரெண்டு வருஷமா எங்கள முட்டாளாக்கினீங்களா என்றார் ஒருவர். பந்தயக் கோப்பையைத் திருப்பி வாங்கு என்றார் இன்னொருவர். நெல்லிக்குப்பம்காரர்கள், பட்டியல் மன்றத்தில்தானே கிடந்தது, படிச்சவன் பொழச்சான் என்றார்கள். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தப்ப ராத்திரி பகலா சேர்த்த ஏழு தோணி 10.18-ல் போச்சு, அதை யார் கொடுப்பா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜெயராணி கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதினாள். ஒருவருக்கும் நல்ல பதில் இல்லை, ஆனாலும் எழுதினாள். பன்னிரண்டாவது பதிலின் பாதியில் திரை வெள்ளையானது. திரும்ப நுழையப் பார்த்தாள். கடவுச்சொல் தவறு என்றது.

கடலூரில் அன்பரசு மாற்றிவிட்டான்.

கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழையாமல், வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் மன்றத்தைப் படிக்கலாம். அப்படிப் போய்ப் பார்த்தாள். அவள் எழுதிய இடத்தில், ‘இந்தப் பதிவு நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருந்தது. ஆனால் மன்றத்தில் ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் பதில் சொல்லும்போது, ‘மேற்கோள்’ என்பதை அழுத்தினால், முன்னவர் எழுதியது முழுக்கப் பின்னவரின் பதிவுக்குள் நகலாகி விழும். மூலத்தை அழித்தாலும் நகல் போகாது. முப்பது பேர் திட்டியிருந்தார்கள். முப்பது பேரும் அவள் எழுதியதை மேலே ஒட்டிவிட்டுத்தான் திட்டியிருந்தார்கள். அன்பரசு அழிக்க வேண்டுமென்றால் ஒவ்வொருவர் வாயையும் அடைக்க வேண்டும்.

முதல் நகல் யாருடையது என்று மேலே போய்ப் பார்த்தாள். கிள்ளைக்காரன். நான்கு மாதம் கழித்து அவர் எழுதிய முதல் பதிவு. அவளுடைய வரிகள் முழுக்க அதில் இருந்தன. அதன் கீழே அவர் சேர்த்தது இவ்வளவுதான்: ‘நேரம் 11.42. குறிச்சாச்சு.’

அவள் கீழே இறங்கியபோது போன் அடித்தது. அன்பரசு. அவள் நடக்க நடக்க அவன் பேசினான். சென்னைக்காரர்கள் இந்நேரம் படித்திருப்பார்கள் என்றான், என்னைக் கேட்டிருக்கக் கூடாதா என்றான். கேட்டால் வேண்டாம் என்றுதானே சொல்லியிருப்பாய் என்றாள். ஆமாம் என்றான். மஞ்சக்குப்பம் அறையின் சாவியை எப்போது கொண்டுவந்து தரட்டும் என்று அவள் கேட்டாள். அவன் போனை வைத்துவிட்டான்.

கடலூர் பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தூணடியில் கொளஞ்சி கையைத் திருப்பி மணி பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை. படியில் தொற்றியிருந்த கண்டக்டர் விசில் வாயோடு, “ஜோசியரே, எடுக்கலாமா?” என்றான்.

“இன்னும் அரை நிமிஷம் இருக்குது” என்றார் கொளஞ்சி.

டிரைவர் இன்ஜினை உறுமவிட்டபடி காத்திருந்தார். கொளஞ்சி தலையசைத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. ஜெயராணி திரும்பிப் பார்த்தபோது அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஜோசியர் என்ற பேர் போகாது போலிருந்தது.